பென்சில் கரியும் பாம்பன் துருவும்

சென்ற இதழில் பென்சிலைப் பற்றிய ஒரு பதிலின் நடுவே 'கிராஃபீன்' (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள்) என்ற சொல்லைப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு வந்த கடிதங்கள் இப்போது என் மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை அந்தச் சொல் யாரையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்று, தங்கச்சிமடத்தில் வடகடலைப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன வேலை? ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எவர் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கிராஃபீன் எஃகைவிட 200 மடங்கு வலுவானது என்கிறீர்கள். அதுவேதான் பென்சிலிலும் இருக்கிறது என்கிறீர்கள். என் மகன் ஒரு நாளைக்கு மூன்று முறை பென்சிலை முறிக்கிறான். இரண்டில் எது பொய்? (ஒரு தாய், மண்டபம்)

இரண்டும் மெய்தான் அம்மா. பென்சிலுக்குள் இருப்பது களிமண் கலந்த கிராஃபைட். கிராஃபைட் என்பது கிராஃபீன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கட்டு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் ஏறத்தாழ 30 லட்சம் தாள்கள். கயிறு உருவிய ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஓலையை நீளவாக்கில் இழுத்து அறுக்க என்னால் ஆகாது, உங்கள் மகனாலும் ஆகாது. ஆனால் கட்டைச் சற்றுச் சாய்த்தால் ஓலைகள் சரிந்து தரையெல்லாம் பரவிவிடும். எழுதும்போது தாளில் ஒட்டுவது அப்படிச் சரிந்த ஓலைகள்தான்.

கணக்கையும் சொல்கிறேன். ஒரு தாளுக்குள் ஒவ்வொரு கார்பன் அணுவும் மூன்று பக்கத்து அணுக்களோடு கைகோத்திருக்கிறது. தேனடை போன்ற அமைப்பு; அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர். தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர். தூரம் இரண்டரை மடங்குகூட இல்லை. பிடிமானமோ நூறில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. கார்பனுக்கு நான்கு கை. மூன்று தாளுக்குள் பிணைந்துவிட, நான்காவது எலக்ட்ரான் தாளின் மேலும் கீழும் மேகமாக உலவுகிறது. மின்சாரம் கடத்துவது அந்த மேகம்தான். ஒரு தாளின் மேகம் கண நேரம் ஒரு பக்கம் ஒதுங்கினால் பக்கத்துத் தாளின் மேகமும் அதற்கேற்ப ஒதுங்கும். அந்தக் கண நேரச் சாய்வுகளுக்கு இடையே ஒரு மெல்லிய இழுப்பு உண்டாகும். இதைக் கணக்குப் போட்டு விளக்கியவர் ஃபிரிட்ஸ் லண்டன், 1930இல். வான்டர்வால்ஸ் விசை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அதில் இதுவும் ஒரு வகை. உங்கள் வீட்டுச் சுவரில் பல்லி தலைகீழாக நடப்பதும் இந்த விசையை நம்பித்தான்.

இழுப்பு மெல்லியது என்பதால்தான் 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டு டேப்பை வைத்தே கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றைத் தாள் வரை வந்தார்கள். கிராஃபைட்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யப் பக்கத்து ஆய்வுக்காரர்கள் டேப்பை ஒட்டிப் பிய்த்துக் குப்பையில் போடுவது வழக்கம். அந்தக் குப்பையில் இருந்ததைப் பார்த்துத்தான் யோசனையே பிறந்தது. 2010இல் நோபல் பரிசு. கெய்ம் அதற்கும் முன்பு ஓர் உயிருள்ள தவளையைக் காந்தப்புலத்தில் அந்தரத்தில் மிதக்கவிட்டு, 2000இல் வேடிக்கை ஆய்வுகளுக்கான 'இக் நோபல்' பரிசையும் வாங்கியவர். இரண்டு பரிசையும் வாங்கிய மனிதர் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'கிராஃபைட் வழுக்குவதற்குக் காரணம் அடுக்குகளுக்கிடையே பிடிமானம் குறைவு, அவ்வளவுதான்' என்று முப்பத்திரண்டு ஆண்டுகளும் சொல்லிக்கொடுத்தேன். அது பாதி உண்மை. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது, ஜெனரேட்டரில் இருந்த கார்பன் பிரஷ்கள் (சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் எடுக்கும் கிராஃபைட் கட்டிகள்) சில மணி நேரத்திலேயே தேய்ந்து தூளாயின. தரையில் மாதக்கணக்கில் உழைத்த பிரஷ்கள் அவை. மேலே காற்றில் ஈரம் இல்லாததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. தாளின் ஓரங்களில் கை நீட்டிக்கொண்டிருக்கும் கார்பன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நீராவி மூலக்கூறுகள் வந்து அந்தக் கைகளில் உட்கார்ந்தால்தான் தாள்கள் சண்டையில்லாமல் நழுவும். விண்வெளிக்குப் போகிற கருவிகளில் இதனால்தான் கிராஃபைட்டை நம்புவதில்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற வேறொரு தூள். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு ஏது பஞ்சம்! இறுகிய பூட்டுக்குள் பென்சில் தூளைப் போட்டால் சாவி நழுவும். ஆனால் அடுத்த பதிலைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: கிராஃபீன் கலந்த பெயின்ட் அடித்தால் படகின் இரும்பு துருவே பிடிக்காது என்று ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வழக்கமாக வாங்கும் பெயின்டைப்போல் நான்கு மடங்கு விலை. அடிக்கலாமா சார்? (விசைப்படகு உரிமையாளர், பாம்பன்)

நேரடியாக 'அடியுங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லமுடியாத கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஓட்டை இல்லாத ஒரு கிராஃபீன் தாள் வழியாக ஹீலியம் அணுகூடப் புகாது. தேனடையின் ஒவ்வொரு கண்ணையும் எலக்ட்ரான் மேகம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஹீலியமே போகாத இடத்தில் தண்ணீரும் ஆக்சிஜனும் எங்கே போவது? ஆகவே உலோகத்தின் மேல் இதைப் போர்த்தினால் துரு தீர்ந்தது என்றுதான் 2011 வாக்கில் எல்லோரும் நினைத்தார்கள். செம்பின் மேல் கிராஃபீனை வளர்த்துச் சூடேற்றிப் பார்த்தார்கள்; செம்பு பளபளப்பாகவே இருந்தது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அதே மாதிரித் தகட்டை மாதக்கணக்கில் சும்மா காற்றில் வைத்துப் பார்த்தார்கள். போர்த்திய செம்பு போர்த்தாத செம்பைவிட மோசமாக அரித்திருந்தது. ஒன்றும் போடாமலிருப்பதைவிடக் கேடு என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

ஏன்? தாளில் எங்காவது ஒரு கிழிசல் இருந்தே தீரும். கடல்நீரில் உலோகங்களை எது சீக்கிரம் கரையும் என்று வரிசைப்படுத்தினால் துத்தநாகம் ஒரு முனை, கிராஃபைட் மறுமுனை. கரையவே கரையாத அந்தப் பெரிய மனிதரை இரும்பின் தோளோடு தோளாக உட்கார வைத்து நடுவில் உப்புநீரையும் ஊற்றினால் அங்கே ஒரு பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். கிழிசலில் தெரியும் ஊசிமுனை அளவு இரும்பு எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரையும். அந்த எலக்ட்ரான் கிராஃபீன் பரப்பெங்கும் ஓடி ஆக்சிஜனைச் சந்திக்கும். வாங்குகிற பரப்பு பெரியது, கொடுக்கிற இடம் சிறியது. எனவே அந்த ஊசிமுனையில் குழி ஆழமாக விழும். படகில் துத்தநாகக் கட்டி பூட்டுகிறீர்களே, அது தான் கரைந்து இரும்பைக் காக்கும். கிராஃபீனோ இரும்பைக் கரைத்துவிட்டுத் தான் மட்டும் நிற்கும். பூட்டில் பென்சில் தூளைப் பார்த்துப் போடச் சொன்னது இதற்காகத்தான். உப்புக் காற்று படும் அலுமினியத்திலும் போல்ட்டு நட்டிலும் கிராஃபைட் கிரீஸ் தடவும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

இனி பெயின்டுக்கு வருகிறேன். டப்பாவில் இருப்பது முழுத் தாள் இல்லை; எபாக்சி என்ற பிசினுக்குள் தூவிய நுண்ணிய செதில்கள். அந்தச் செதில்கள் ஒன்றையொன்று தொடாமல் படுக்கைவசமாகப் பரவியிருந்தால், உப்பும் தண்ணீரும் நேராக இறங்க முடியாமல் கடைத்தெருச் சந்துகளில் வளைந்து வளைந்து போகிறவன்போலத் தாமதப்படும். அது மெய்யான பலன். துத்தநாகத் தூள் மிகுந்த பிரைமரில் கொஞ்சம் கிராஃபீனைச் சேர்த்தால் துத்தநாகத் துகள்களுக்கிடையே மின்தொடர்பு நன்றாகக் கிடைப்பதால் துத்தநாகத்தின் அளவைக் குறைக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் சரியாகக் கலக்காமல் செதில்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிட்டால் மேலே சொன்ன பேட்டரிதான்.

டப்பாவுக்குள் இருப்பது கிராஃபீன்தானா என்பது அதற்கும் முந்திய கேள்வி. பத்து அடுக்கு வரை இருந்தால்தான் அந்தப் பெயருக்குள் வரும் என்பது உலகத் தர அமைப்பின் வரையறை. 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 60 தயாரிப்பாளர்களின் தூள்களை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் பத்து சதவீதத்துக்கும் கீழ். பாதியளவு இருந்த சரக்கு ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் நைசாக அரைத்த கிராஃபைட்.

விலை சொன்னவரிடம் இரண்டு கேளுங்கள். உப்பு மூட்டச் சோதனையில் (உப்புநீரைப் பனிபோலத் தெளித்துச் செய்வது) எத்தனை மணி நேரம் நின்றது? அந்தச் சோதனைத் தகட்டில் குறுக்கே கீறல் போட்டுவிட்டுச் செய்தார்களா, கீறாமல் செய்தார்களா? கீறாத தகட்டின் கணக்கைக் காட்டினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு கடல் அரிப்புச் சோதனைக் களத்தையே வைத்திருப்பது சும்மா அல்ல. உலோகத்துக்கு நம் காற்றைவிடக் கடுமையான தேர்வு அதிகம் இல்லை. கீழக்கரையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர் என்னிடம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "வாத்தியாரே, டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் பழைய துருவைச் சுரண்டாமல் அடித்தால் எல்லாம் ஒன்றுதான்."

கேள்வி: டேப்பால் உரித்தால் கண்ணுக்குத் தெரியாத துண்டுதானே கிடைக்கும்? கிலோ கணக்கில் எப்படிச் செய்கிறார்கள்? (வேதியியல் மாணவி, இராமநாதபுரம்)

நல்ல கேள்வி. விடை உங்கள் சமையலறையில் இருக்கிறது. 2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மன் குழுவினர் கிராஃபைட் தூளையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் தண்ணீரில் போட்டு, வீட்டு மிக்ஸி போன்ற கருவியில் ஓடவிட்டே தாள்களைப் பிரித்துக்காட்டினார்கள். உடனே அம்மாவின் மிக்ஸியைத் தூக்காதீர்கள். தடித்த துண்டுகளை ஒதுக்கி மெல்லிய தாள்களை எடுப்பதற்கு வேறு கருவிகள் வேண்டும். அம்மாவுக்குச் சட்னி வேண்டும்.

இதில் சோப்பின் வேலைதான் அழகு. பிரிந்த தாள்கள் தண்ணீருக்குள் தனியாக நிற்காது. நூறில் ஒரு பங்கு இழுப்பு என்றேனே, அது ஓர் அணுவுக்குச் சொன்ன கணக்கு. ஒரு தாளில் கோடிக்கணக்கான அணுக்கள்! சிறு துளி சேர்ந்து மறுபடியும் கட்டாகிவிடும். சோப்பு மூலக்கூறின் வால் கார்பன் பரப்பில் படிந்துகொள்ளும், தலை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எல்லாத் தாள்களும் ஒரே வகை மின்னூட்டத்தை உடுத்திக்கொள்வதால் ஒன்றையொன்று விலக்கும். பென்சீன் வளையம் உள்ள மூலக்கூறுகளாக இருந்தால் தட்டையாகப் படுத்து இன்னும் நன்றாக ஒட்டும், மேகத்தின்மேல் மேகம்.

இன்னொரு வழி கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றம் செய்வது. பெஞ்சமின் பிராடி 1859இலேயே செய்துவிட்டார்; ஹம்மர்ஸ் 1958இல் அதைச் சற்றுப் பயம் குறைந்த முறையாக மாற்றினார். தாளின் முகத்தில் ஆக்சிஜன் தொகுதிகள் முளைத்துவிடும். தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும். கருப்புத் தூள் பழுப்பு நீராகக் கரைந்து நிற்கும். ஆனால் மின்கடத்தும் மேகம் கலைந்துபோகிறது. பிறகு ஆக்சிஜனை நீக்கினாலும் பழைய கட்டுக்கோப்பு முழுதாகத் திரும்பாது. ஒன்றைப் பெற ஒன்றை விடத்தான் வேண்டும்.

ஒரு கிராம் கிராஃபீனை முழுக்கத் தனித்தனித் தாளாக விரித்தால் பரப்பு 2,630 சதுர மீட்டர். நம் கணக்கில் அறுபத்தைந்து சென்ட். ஒரு சிட்டிகைக்குள் ஒரு மனைப்பிரிவே அடங்கியிருக்கிறது. ஆனால் தாள்கள் மீண்டும் ஒட்டிக்கொண்டால் அந்த நிலமெல்லாம் போய்விடும். 'கிராஃபீன் பேட்டரி' என்று விளம்பரப்படுத்தும் பலவற்றில் கிராஃபீன் வெறும் மின்தொடர்புக்கான துணைப்பொருள்தான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: குடத்துக்குக் காசு கொடுத்தே எங்கள் காலம் போகிறது. கிராஃபீன் வடிகட்டி வந்தால் கடல்நீரை வீட்டிலேயே குடிநீராக்கலாமாமே? எப்போது வரும்? (குடும்பத் தலைவி, சாயல்குடி)

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு நரிப்பையூர்தான் நினைவுக்கு வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை பக்கத்திலேயே எழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். காவிரித் தண்ணீர் குழாயில் வருவதையும் பார்த்தோம், வராததையும் பார்த்தோம். ஆகவே நம்பிக்கையைக் கொஞ்சம் நிறுத்தி அளந்தே கொடுக்கிறேன்.

உப்பு தண்ணீருக்குள் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போலத்தான் போகும். அது போகும் சந்தின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், தனி ஆளாக வரும் தண்ணீர் மூலக்கூறு நுழைந்துவிடும். ஊர்வலம் வாசலிலேயே நிற்கும். கூட்டத்தைக் கலைத்துவிட்டு மாப்பிள்ளை மட்டும் உள்ளே வர அதிக ஆற்றல் செலவாகும். கிராஃபீன் ஆக்சைடு தாள்களை அடுக்கினால் தாள்களுக்கு நடுவில் அமைவது இப்படிப்பட்ட சந்துதான்.

கேரளத்திலிருந்து மான்செஸ்டர் போன ராகுல் நாயர் 2012இல் தம் குழுவினரோடு இதைக் காட்டினார். அந்தச் சவ்வு ஹீலியத்தைத் தடுத்தது, நீராவியையோ எதுவும் மூடாததுபோல் விட்டது. வேடிக்கைக்காக ஒரு வோட்கா பாட்டிலின் வாயை அதனால் மூடினார்கள். தண்ணீர் ஆவியாகிப் போக, நாளாக நாளாகச் சரக்கு காட்டமானது. ஆனால் தண்ணீருக்குள் போட்டால் சவ்வு ஊறிவிடும், சந்து அகன்று ஊர்வலமும் உள்ளே போய்விடும். 2017இல் சவ்வை எபாக்சிக்குள் பூட்டி ஊறாமல் தடுத்தார்கள். உப்பில் 97 சதவீதம் நின்றது. ஆய்வுக்கூடத்தில், சிறு துண்டில்.

இப்போது கசப்பான கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு. அதைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரமாவது வேண்டும். எந்தச் சவ்வு போட்டாலும், எந்த நோபல் பரிசுக்காரர் வந்தாலும் அதற்குக் கீழே போகமுடியாது. இன்றைய ஆர்.ஓ. ஆலைகள் மூன்று, நான்கு யூனிட்டில் முடித்துவிடுகின்றன. கிராஃபீன் வந்து மிச்சப்படுத்தக்கூடிய இடம் அவ்வளவு பெரியதில்லை. அதன் பலன் வேறிடத்தில் இருக்கலாம் என்பது என் எண்ணம். இப்போதைய ஆர்.ஓ. சவ்வு குளோரின் பட்டால் கெட்டுவிடும். குளோரின் போடாவிட்டால் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் ஆலைகள் தவிக்கின்றன. கார்பன் குளோரினை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் 2012இல் செய்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். சர்க்கரையை மணலின் மேல் பூசி, காற்றில்லாமல் சூடேற்றி, மணலுக்கே கிராஃபீன் சட்டை போட்டார்கள். தண்ணீரில் கலந்த பூச்சிமருந்து அதில் ஒட்டிக்கொண்டது. கருப்பட்டியில் செய்தால் சாயல்குடிக்குப் பெருமை. நம் கருப்பட்டியை மணலில் பூச எனக்கு மனம் வராது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பூச்சிமருந்து கார்பனில் ஒட்டும், உப்பு ஒட்டாது. 'கிராஃபீன் கேண்டில்' என்று சொல்லி யாராவது கடல்நீர் வடிகட்டி விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: செவுளைத் தூக்கிப் பார்த்தாலே மீன் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். அதற்கும் கிராஃபீன் கருவி வருகிறது என்று என் பேத்தி சொல்கிறாள். எங்கள் மூக்கைவிடவா? (மீன் வியாபாரி, இராமேஸ்வரம்)

உங்கள் மூக்கோடு போட்டி போட அது இன்னும் வளரவில்லை அம்மா. ஆனால் வேலை செய்யும் விதம் கேட்கச் சுவையானது. கடல் மீனின் உடலில் உப்பைச் சமாளிக்க ஒரு பொருள் இருக்கிறது. மீன் இறந்தபின் பாக்டீரியா அதைத் தின்று டிரைமெத்தில் அமீன் என்ற வாயுவாக்கும். 'மீன் வாடை' என்பது பெரும்பாலும் அதுதான். பிறகு அம்மோனியாவும் சேரும். இந்த இரண்டுமே எலக்ட்ரானைக் கொடுக்கும் குணம் உள்ளவை. கிராஃபீனில் எல்லா அணுவும் மேற்பரப்பிலேயே இருக்கிறது. உள்ளே ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தாலும் மேகம் அசையும், மின்தடை மாறும். 2007இல் மான்செஸ்டரில் ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதையும் பிரிவதையும் இப்படி அளந்தே விட்டார்கள். அம்மோனியா கொடுக்கும், வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் டைஆக்சைடு பிடுங்கும்; மின்தடை எதிரெதிராக மாறும்.

குறை என்னவென்றால் கொடுத்தது யார் என்று அதற்குத் தெரியாது. ஈரம் வந்து உட்கார்ந்தாலும் அசையும். நம் ஏலக்கூடத்து ஈரத்தில் அதற்குத் தலையே சுற்றிவிடும். ஒட்டிய வாயு எளிதில் போகவும் போகாது. சூடேற்றித் துரத்த வேண்டும். அந்தந்த வாயுவை மட்டும் பிடிக்கும் மூலக்கூறுகளைத் தாளின்மேல் நட்டுவைத்து இந்தக் குறையைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஐஸ் பெட்டிக்குள் ஒட்டிவைத்து, லாரி மதுரை போய்ச் சேருவதற்குள் எத்தனை நேரம் ஐஸ் கரைந்து மீன் கெட்டது என்று காட்டும் பட்டையாக வந்தால் உங்களுக்கே லாபம். மூக்கால் லாரிக்குள் வழி முழுக்க உட்கார்ந்திருக்க முடியாதே.

கேள்வி: எங்கள் குடும்பம் சீமைக்கருவேல மரத்தில் கரிமூட்டம் போடும் குடும்பம். கரியும் கார்பன், கிராஃபீனும் கார்பன். எங்கள் கரியைக் கிராஃபீன் ஆக்கமுடியாதா? (இளைஞர், கடலாடி)

மூட்டத்தின் பக்கத்தில் இரவெல்லாம் கண்விழித்து, புகை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறுகிறதா என்று பார்த்துக் காற்றுத் துளைகளை அடைக்கிறவர்களை எனக்குத் தெரியும். எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறையாத வேலை அது. ஆனால் உங்கள் கரிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டி.என்.ஏ. படத்தால் புகழ்பெற்ற ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அதற்கு முன் கரியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1951இல் அவர் கார்பன்களை இரண்டு சாதியாகப் பிரித்தார். ஒன்று சூடேற்றினால் கிராஃபைட்டாக அடுக்கிக்கொள்ளும். மற்றது 3,000 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் அடுக்கிக்கொள்ளாது. மரக்கரி இரண்டாவது சாதி. உள்ளே சிறுசிறு தேனடைத் துண்டுகள் கசக்கிப் போட்ட காகிதம்போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்திருப்பதால் நேராகப் படுக்க இடமில்லை.

அந்தக் கசங்கல்தான் உங்கள் கரியின் சொத்து. இடுக்குகள் நிறைய. நீராவியில் சூடேற்றி இடுக்குகளை இன்னும் திறந்துவிட்டால் அது கிளர்வூட்டிய கரி. தண்ணீரில் உள்ள நாற்றத்தையும் சாயத்தையும் பிடித்துவைப்பது அதே வான்டர்வால்ஸ் இழுப்புதான். என்னைக் கேட்டால் அந்தத் தொழிலை முதலில் பாருங்கள்.

முடியவே முடியாது என்றும் சொல்லமாட்டேன். 2020இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் நிலக்கரி, உணவுக் கழிவு, பிளாஸ்டிக் போன்றவற்றைக் கரியாக்கி, அதில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சிக் கிராஃபீன் எடுத்தார்கள். தாள்கள் ஒன்றுக்கொன்று கோணல்மாணலாக அடுக்கியிருப்பதால் எளிதாகப் பிரிந்தன. சிமெண்டில் கலக்க ஏற்றது. மூலப்பொருள் வேண்டுமென்றால் சிவகங்கைப் பக்கம் டாமின் என்னும் தமிழ்நாடு அரசுக் கனிம நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கமே இருக்கிறது. 1985 வரை சிவகங்கையும் நம் மாவட்டம்தான். பிரிந்துபோகும்போது கிராஃபைட்டையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். போதாக்குறைக்குக் கீழடியும் அவர்கள் பக்கம் போய்விட்டது. அங்கே கிடைத்த பானை ஓட்டின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள், அதாவது சுருட்டிய கிராஃபீன், இருப்பதாக 2020இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சூளைச் சூட்டில் தானாக அமைந்தது. குயவருக்கு நானோ தெரியும் என்று யாரும் மேடையேறாமல் இருந்தால் சரி.

கேள்வி: 'மந்திரக் கோணம்' என்றால் என்ன சார்? (பிளஸ் டூ மாணவன், உச்சிப்புளி)

இரண்டு கிராஃபீன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் 1.1 டிகிரி திருப்பி வைத்தால், அவற்றில் எலக்ட்ரான்கள் மெதுவாக நடக்கும்; அந்தக் கோணம்தான் மந்திரக் கோணம். 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ எர்ரேரோ குழுவினர், அப்படி வைத்த தாள்கள் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் அளவில் மின்தடையே இல்லாமல் கடத்துவதைக் கண்டார்கள். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருப்பிப் பார், பெரிய பெரிய வட்டக் கோலங்கள் தெரியும்; எலக்ட்ரான் பார்ப்பது அந்தக் கோலத்தைத்தான். பயன் என்ன என்று கேட்காதே, இன்றைக்கு ஒன்றும் இல்லை. தேர்வில் வராது.

கேள்வி: கொரோனா தடுப்பூசியில் கிராஃபீன் இருந்தது என்கிறார்களே? (தேவிபட்டினம்)

இல்லை. அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியவர்தான் எனக்கும் அனுப்பினார் என்று நினைக்கிறேன். முகக்கவசங்கள் சிலவற்றில் இருந்தது உண்மை. தூள் மூச்சில் போகக்கூடும் என்று 2021இல் கனடா அரசு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. காய்ந்த கிராஃபீன் தூளைக் கையாளுபவர்கள் மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

கேள்வி: உங்கள் ஸ்கூட்டருக்குக் கிராஃபீன் பூச்சு அடித்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன ஆயிற்று? (பல வாசகர்கள்)

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். டவுனில் ஒரு கடையில் 4,500 ரூபாய் கொடுத்து அடித்தேன். வேதியியல் வாத்தியார் என்று சொல்லியும் விலையைக் குறைக்கவில்லை. மூன்று ஆண்டு உத்தரவாதம் என்று ஒரு பளபளப்பான அட்டையும் தந்தார்கள். மழைத்துளி முத்து முத்தாக உருண்டது. நானும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகுதான் படித்தேன், உருண்டது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் சிலிக்காப் பிசினின் வேலை. சுத்தமான கிராஃபைட்டின் மேல் தண்ணீர் நன்றாகவே பரவும். காற்றில் உள்ள எண்ணெய்ப் பசை மூலக்கூறுகள் வந்து ஒட்டியபின்தான் அது தண்ணீரை விரட்டுகிறது என்று 2013இல் காட்டியிருக்கிறார்கள். அதாவது இத்தனை காலம் நாம் அளந்தது கிராஃபைட்டை அல்ல, அதன்மேல் படிந்த அழுக்கை.

கச்சான் காற்று அடித்த இரண்டு மாதத்தில் ஸ்டாண்டின் உள்பக்கமும் மட்கார்டின் மடிப்பும் துருப்பிடித்தன. பூச்சு போகாத இடங்கள் அவை. அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். உத்தரவாதம் மினுமினுப்புக்கு மட்டும்தான் என்று பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது. துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறேன். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி விடுகிறேன். அது குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் என்பதை என் மனைவி ஒவ்வொரு வாரமும் ஜன்னல் வழியாக நினைவுபடுத்துகிறார்.